கம்பத்தில் வாரம் ஒரு மாலையாவது போதை மீட்புச் சிகிச்சை கிடைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தேனி மாவட்டம் கம்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர். செய்திகளில் எங்கள் ஊரின் பெயர் அடிபடும்போதெல்லாம் கஞ்சா பிடிபட்டது, இத்தனை பேர் கைதானார்கள் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. பிடிபட்ட சரக்கின் எடை அச்சாகிறது. அந்தப் பழக்கத்திலோ குடியிலோ சிக்கிய ஒருவர் அதிலிருந்து மீள எங்கே போவார் என்பது அச்சாவதில்லை. அதைப் பற்றி எழுதவே இக்கடிதம்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கம்பம் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 68 ஆயிரம். அதற்கடுத்த கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போய்விட்டதால் இன்றும் அந்தப் பழைய எண்ணை வைத்தே பேச வேண்டியிருக்கிறது. தமிழ் பேசுவோரோடு கன்னடம் பேசும் குடும்பங்களும் இராவுத்தர் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் இது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும் பன்னீர் திராட்சையும் விளைகின்றன. ஆனால் ஊரின் உழைப்பில் பெரும்பங்கு மலைமேல்தான் நடக்கிறது. விடிவதற்குள் தூக்குவாளியோடு ஆண்களும் பெண்களும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும் நேரத்தில்தான் திரும்புகிறார்கள். அன்றன்றைய கூலியில் அடுப்பெரியும் வீடுகள் அவை.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் 2.7 விழுக்காட்டினர் மதுவுக்கு அடிமையானவர்கள் என்று சொல்கிறது. மது அருந்துவோர் ஆண்களில் 27.3 விழுக்காடு, பெண்களில் 1.6 விழுக்காடு. அடிமையானவர்களில் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றவர் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே. இது தேசிய சராசரியே தவிர எங்கள் ஊரின் கணக்கு அல்ல என்பதை அறிந்தே அதை இங்கே பொருத்திப் பார்க்கிறேன். 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரை மட்டும் கணக்கில் எடுத்தால் கம்பத்தில் சுமார் 1,500 பேர் குடிநோயாளிகளாக இருப்பார்கள், அவர்களில் சிகிச்சையின் வாசலை மிதித்தவர்கள் 40 பேர்கூட இருக்கமாட்டார்கள். மீதமுள்ளவர்கள் வீட்டுத் திண்ணையிலும் பேருந்து நிலையத்திலும் நாம் தினமும் கடந்துபோகும் மனிதர்கள்.

நான் பணியில் இருந்தபோது ஒரு கார்த்திகை மாதம் இரண்டாம் நாளில், சபரிமலைக்கு மாலை போட்ட நாற்பது வயதுக்காரர் ஒருவரைக் கறுப்பு வேட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். முந்தைய நாள் காலை மாலை போட்டதிலிருந்து அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. அன்றிரவே கை நடுக்கம் கண்டு, சட்டை நனைய வியர்த்து, மறுநாள் வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். கூட வந்தவர்கள் சாமி குத்தம் என்று அழுதார்கள். அவருடைய மனைவி மட்டும் என்னிடம் தனியாக வந்து, "பத்து வருசமாத் தினமும் குடிக்கிறவரு சார், நேத்துத்தான் நிறுத்துனாரு" என்றார். அந்த ஒரு வரியில் நோயின் பெயர் இருந்தது. விரதம் இருக்கும் மன உறுதி அவரிடம் குறைவின்றி இருந்தது, ஆனால் உடலுக்கு மருத்துவத் துணை இல்லாமல் போய்விட்டது.

நாள்தோறும் நிறையக் குடித்துப் பழகிய உடல், குடியை நிறுத்திய சில மணி நேரத்திலேயே நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றும் நிலை ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. லோரசிபாம், குளோர்டயசிபாக்சைடு போன்ற மாத்திரைகளை மருத்துவர் அளவு பார்த்துக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தால் பெரும்பாலோர் இந்தக் கட்டத்தை ஒரு வாரத்தில் பத்திரமாகக் கடந்துவிடுவார்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசி போட வேண்டும், தவறினால் மூளை பாதிக்கப்படலாம். இவை விலை உயர்ந்த மருந்துகளும் அல்ல, தாலுகா அளவு மருத்துவமனையில் வைத்திருக்க முடியாதவையும் அல்ல.

ஆனால் இந்த ஒரு வாரம் சிகிச்சையின் முன்வாசல் மட்டுமே. அதன் பிறகு குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள், தொடர்ந்த மனநல ஆலோசனை, குடும்பத்தாருடன் பேச்சு என மாதக்கணக்கில் போக வேண்டும். கஞ்சாவுக்கென்று தனி மாற்று மருந்து இல்லை, அங்கே ஆலோசனையே முதன்மைச் சிகிச்சை. வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களின் நிலை வேறு. அவர்களில் ஓபியாய்டு என்னும் அபினி போன்ற மருந்து வகைக்கு அடிமையானவர்களுக்கு நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் நல்ல பலன் தருகிறது. இடையில் சில வாரங்கள் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே மீண்டும் ஏற்றிக்கொண்டால், தாங்கும் சக்தி குறைந்துவிட்ட உடலில் மூச்சே நின்றுபோகக்கூடும். எனவே இவர்களைச் சிகிச்சைக்குப் பின் தொடர்பில் வைத்திருப்பது உயிர் காக்கும் வேலை. மீண்டவர்களில் பலர் ஓரிரு முறை சறுக்கவே செய்வார்கள். சர்க்கரை கூடிவிட்டவரை மருத்துவமனையிலிருந்து விரட்டுகிறோமா? இவர்களை மட்டும் ஏன் விரட்ட வேண்டும்?

இந்த இடத்தில்தான் எங்கள் ஊரின் அன்றாடக் கூலி வாழ்க்கை குறுக்கே நிற்கிறது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. கம்பத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். துணைக்கு மனைவியும் போக வேண்டும் என்பதால் ஒவ்வொரு முறையும் இரண்டு பேரின் கூலி போகிறது, பேருந்துச் செலவு தனி. முதல் முறை போகிறார்கள், இரண்டாம் முறையும் போகிறார்கள், மூன்றாம் முறை ஏலக்காய் எடுப்புக் காலம் வந்துவிடுகிறது. ஜீப் திரும்பும் நேரத்தில் வெளிநோயாளர் பிரிவில் சீட்டு போடும் நேரம் முடிந்திருக்கிறது. மதுக்கடையோ இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது.

இந்த வெற்றிடத்தில்தான் "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்ற சுவரொட்டிகள் முளைக்கின்றன. குடித்தால் உடல் ஏற்காமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலந்து கொடுக்கும் குடும்பங்களை நான் அறிவேன். அந்த மாத்திரை வயிற்றில் இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும். நோயாளிக்குத் தெரியாமல் அதைக் கொடுக்கவே கூடாது. எங்கள் உறவினர் ஒருவர் தனியார் மறுவாழ்வு மையம் ஒன்றில் மூன்று மாதம் பூட்டி வைக்கப்பட்டு, மருத்துவரின் முகத்தையே பார்க்காமல் வீடு திரும்பி, நாலாம் நாள் குடித்தார். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இத்தகைய மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதுகூட அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

சிகிச்சை ஊரைத் தேடிப் போக முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே முன்னோடி உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாமிட்டு, நோயாளிகளை அவர்களுடைய ஊர்ப்பக்கத்திலேயே தங்கவைத்துச் சிகிச்சை அளித்து, பின்தொடர்தலையும் அங்கேயே நடத்தியது. ஊர்க்காரர்கள் இடம் கொடுத்தார்கள், குடும்பத்தார் கூடவே இருந்தார்கள். தமிழக அரசு 2025இல் 25 "கலங்கரை" போதை மீட்பு மையங்களை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட அளவிலான மருத்துவமனைகளிலும் தொடங்கியதை மனமார வரவேற்கிறேன். அந்த வெளிச்சம் தாலுகா ஊர்களுக்கும் எட்ட வேண்டும்.

எனவே சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது புதிய கட்டடம் அல்ல. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரும் ஆலோசகரும் வாரம் ஒருநாள், ஜீப்புகள் ஊர் திரும்பிய பின், மாலை 6 மணி முதல் 8 மணி வரை கம்பம் அரசு மருத்துவமனையில் அமர வேண்டும். மேலே சொன்ன மருந்துகள் அங்கேயே இருப்பில் இருக்க வேண்டும், மாத்திரை வாங்க மீண்டும் 50 கிலோமீட்டர் போகச் சொல்லக் கூடாது. கார்த்திகை பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே, "தினமும் குடிப்பவர்கள் மாலை போடும் முன் மருத்துவரைப் பார்க்கவும்" என்று கோயில்களிலும் ஜீப் நிறுத்தங்களிலும் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பலகையில் தேசிய போதை மீட்பு உதவி எண் 14446ஐயும் பெரிய எழுத்தில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
கம்பம், தேனி மாவட்டம்.