பாஸ்டர் சாவுக்கு போன அக்காவுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒரு ஐயா எழுதியிருந்தார், சபையையோ மதக்குழுவையோ விட்டு வெளிய வந்தவங்க அவங்க வேலைய பாத்துட்டு அமைதியா போகணும், பழச கிளறிக்கிட்டே இருக்குறது மன்னிக்க தெரியாத குணம்னு. அத படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல. நானும் அப்படி வெளிய வந்தவ தான். அந்த ஐயாவுக்கு பதில் சொல்லணும்னு தான் எழுத உக்காந்தேன், ஆனா எழுத எழுத அவருக்கு சொல்ல வேண்டியத விட எங்கள மாதிரி வெளிய வந்தவங்களுக்கு சொல்ல வேண்டியது தான் நிறைய இருக்குன்னு புரிஞ்சுது.

எங்க தாத்தா பாட்டி சிலோன்ல இருந்து வந்தவங்க. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோ அம்மாவும் ஒப்பந்தம் போட்டு அஞ்சேகால் லட்சம் பேர இந்தியா எடுத்துக்கும்னு பேசி முடிச்சாங்கல்ல, அந்த கணக்குல வந்த குடும்பம். ஒப்பந்தம் போடும்போது தோட்டத்து சனத்துகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. கப்பல்ல ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்ல கிடந்து, அப்புறம் கோத்தகிரி பக்கம் டேன்டீயில, அதான் அரசாங்க தேயிலை தோட்டத்துல, கொழுந்து பறிக்க சேந்தாங்க. எனக்கு ஏழு வயசு இருக்கும்போது அப்பா செத்துட்டார். அன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல மொதல்ல வந்து நின்னவங்க நான் பின்னாடி விட்டு வந்த அந்த கிறிஸ்தவ சபைக்காரங்க தான், இத நான் மறைக்க மாட்டேன். அரிசி குடுத்தாங்க, ராத்திரி அம்மா கூட உக்காந்து ஜெபம் பண்ணாங்க, மழைக்கு ஒழுகுன தகரத்த மாத்தி குடுத்தாங்க. அம்மா ஞானஸ்நானம் எடுத்தாங்க, என் காதுல கிடந்த சின்ன தோட கழட்டுனாங்க, பூ கிடையாது, பொட்டு கிடையாது, டிவி கிடையாது, மாத்திரை கூட விசுவாசக் குறைவுன்னு சொல்ற ஆளுங்க அங்க இருந்தாங்க. எனக்கு அதெல்லாம் கஷ்டமா தெரியல, அதான் உலகம்னு வளந்தேன்.

2004ல சபை கட்டடத்துக்குன்னு ரெண்டு வருஷமா காணிக்கை வாங்கிட்டு இருந்தாங்க. கொழுந்து பறிச்சு வர்ற கூலியில பத்துல ஒரு பங்கு தசமபாகம் போக இது தனி. ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு நான் எந்திரிச்சு, எவ்வளவு சேந்திருக்கு, எங்க இருக்குன்னு கேட்டேன். அவ்வளவு தான் கேட்டேன். அடுத்த வாரம் பாஸ்டர் மத்தேயு 18ஆம் அதிகாரம் 17ஆம் வசனத்த எடுத்து வாசிச்சார், சபைக்கு செவி குடுக்காதவன அஞ்ஞானியப்போல நினைக்கணும்ங்கிற வசனம். வாசிச்சிட்டு என் பேர சொன்னார், பின்மாற்றக்காரி, அதாவது விசுவாசத்த விட்டு விலகுனவன்னு சொன்னார், இவ கூட யாரும் பேசக்கூடாதுன்னு சொன்னார். நானும் என் வீட்டுக்காரரும் எந்திரிச்சு வெளிய வந்தோம். அம்மா எந்திரிக்கல.

மறுநாள் கொழுந்து நிறுக்குற எடத்துல எனக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆள் நிக்குற அளவுக்கு எடம் காலியா கிடந்துச்சு. சின்ன வயசுல இருந்து கூட வெளையாண்டவங்க மலையையும் மூடுபனியையும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, என் மொகத்த பாக்கல.

எங்க வீடும் அம்மா வீடும் தோட்டத்து வரிசை வீட்ல, ஒரே லைன்ல அடுத்தடுத்து, நடுவுல இடுப்பு உசரத்துக்கு ஒரு சொவரு. அம்மா என்கிட்ட பேசுறத நிறுத்திட்டாங்க. ஆனா தினமும் சாயங்காலம் அந்த சொவத்து மேல ஒரு தூக்குச்சட்டி இருக்கும். கருவாட்டு கொழம்பு, சில நாள் பீன்ஸ் பொரியல், ஒண்ணும் இல்லாத நாள்ல வெறும் ரசம். நான் எடுத்து சாப்புட்டுட்டு கழுவி அதே எடத்துல வச்சிடுவேன். ரெண்டு வருஷம் ஒரு வார்த்தை கிடையாது, சட்டி மட்டும் போகும் வரும். 2006ல என் மக பொறந்தா. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்து வாசல்ல புள்ளைய தூக்கிட்டு நிக்கிறேன், சொவத்துக்கு அந்த பக்கத்துல இருந்து அம்மா குரல், "ஏ புள்ள, தல நிக்கலையே, கழுத்துக்கு கைய குடுத்து தூக்கு". அன்னையில இருந்து அம்மா எங்க கூட தான் இருக்காங்க. அம்மாவ மன்னிச்சிட்டியான்னு ஒரு தடவ ஒருத்தங்க கேட்டாங்க, எனக்கு கேள்வியே புரியல.

பாஸ்டர மட்டும் நான் மன்னிக்கல. இத பேப்பர்ல போட்டா நாலு பேர் தப்பா நினைப்பாங்க, பரவாயில்ல. அவங்க சைடுல இருந்து கொஞ்ச வருஷம் கழிச்சு ஆள் அனுப்பி, அதே மத்தேயு 18ல 22ஆம் வசனம், ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு இயேசு பேதுருகிட்ட சொன்னத சொல்லி, பழச மறந்துட்டு வான்னு கூப்பிட்டாங்க. நடுவுல அஞ்சு வசனம் தான் தள்ளி இருக்கு. வெளிய தள்ளும்போது 17, வாய மூட சொல்லும்போது 22, ரெண்டையும் ஒரே நாள்ல வாசிச்சு நான் கேட்டதே இல்ல. கணக்கு என்னாச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் சொல்லல. தப்பு என்னன்னு வாயில வராம மன்னிப்பு மட்டும் வேணும்னா நான் எத மன்னிக்கிறது?

எங்க கூட கொழுந்து பறிச்ச படுகர் அக்கா ஒருத்தங்க ஊர்ல ஒரு பெரியவர் சாவுக்கு போயிருந்தேன். அங்க பாடைக்கு பக்கத்துல நின்னு ஒருத்தர் செத்தவர் செஞ்சிருக்கக்கூடிய பாவத்த எல்லாம் வரிசையா சொல்றார், பல்லிய கொன்னது, பாம்ப கொன்னது, எல்லைக்கல்ல நகத்துனதுன்னு, ஒவ்வொண்ணுக்கும் சுத்தி நிக்குறவங்க சேந்து பாவம்னு சொல்றாங்க. அந்த காலத்துல அந்த பாவத்த எல்லாம் ஒரு கன்னுக்குட்டி மேல ஏத்தி விரட்டி விடுவாங்களாம், இனி அத வேலைக்கு கட்டக்கூடாதாம். எனக்கு அந்த பாஷை பாதி தான் புரிஞ்சுது ஆனா கண்ணு கலங்கிருச்சு. செத்தவர பத்தி நல்லது மட்டும் பேசி அனுப்பாம, இன்னின்ன தப்பு உண்டுன்னு ஊரே சேந்து சொல்லி அப்புறம் விடுதலை குடுக்குது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். அந்த சபைய விட்டு வெவ்வேற வருஷத்துல வெளிய வந்த நாங்க ஆறு பேர் மாசம் ஒரு தடவ ஜான்ஸ்டன் ஸ்கொயர் பக்கத்துல ஒரு டீக்கடையில கூடுவோம். டீயும் வர்க்கியும், ஒரு மணி நேரம் பேச்சு. ஒருத்தர் சிஎஸ்ஐ சர்ச்சுக்கு போறார், ஒருத்தங்க மாரியம்மனுக்கு தீச்சட்டி எடுக்குறாங்க, ஒரு அண்ணன் பெரியார் புத்தகமா படிச்சு சாமியே இல்லன்னுட்டார், நான் எங்கயும் போறதில்ல ஆனா ராத்திரி படுக்குறதுக்கு முன்ன ஜெபம் பண்ணாம தூக்கம் வராது. இத்தன வித்தியாசம் இருந்தும் எங்களுக்குள்ள சண்டை வந்ததில்ல.

2023 அக்டோபர் 29ஆம் தேதி கேரளாவுல களமசேரியில யெகோவாவின் சாட்சிகள்ங்கிற கிறிஸ்தவ குழுவோட மாநாட்டுல குண்டு வெடிச்சு ஜெபத்துக்கு வந்த சனம் செத்தப்போ, அந்த குழுவுல முன்ன இருந்தேன்னு சொல்லி ஒருத்தர் சரணடைஞ்சார். மறுநாளே லைன்ல எங்க காதுபட "வெளிய போறவங்க புத்தி இதான்"னு பேசுனாங்க. அன்னைக்கு நாங்க ஆறு பேரும் கூடி ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தோம். கேள்வி கேட்டு வெளிய வந்தவனும் உயிர எடுத்தவனும் ஒண்ணு இல்லன்னு யாருக்கு போய் சொல்றது. அடுத்த வருஷம், 2024ல, அந்த சாட்சிகள் தலைமையே ஒரு விதிய தளத்துனாங்க, நீக்கப்பட்டவங்க கூட்டத்துக்கு வந்தா ஒரு வார்த்தை வாங்கன்னு சொல்லலாம்னு. ஆனா கொள்கைய எதிர்த்து பேசுறவங்களுக்கு அந்த ஒரு வார்த்தையும் இல்ல.

போன கார்த்திகையில எங்க பாஸ்டர் செத்துட்டார். எங்க ஆறு பேர்ல ஒரு அக்கா, எங்க எல்லாருக்கும் முன்னாடியே வெளிய வந்தவங்க, அவங்க வீட்டுக்காரர் செத்தப்போ சபை கல்லறையில எடம் இல்லன்னு இதே பாஸ்டர் திருப்பி அனுப்புனார், அந்த அக்கா சாவு வீட்டுக்கு போயி கடைசி வரைக்கும் இருந்துட்டு வந்தாங்க. கேள்விப்பட்டதும் எங்களுக்கு தீப்பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. இவ்வளவு பட்டும் எப்படி போனாங்க, நம்ம எல்லாரையும் கேவலப்படுத்திட்டாங்கன்னு அண்ணன் சத்தம் போட்டார். அக்கா ஒண்ணே ஒண்ணு தான் சொன்னாங்க, "நான் மன்னிச்சேன்னு யாருகிட்டயும் சொல்லல, சாவுக்கு தான் போனேன்". நல்லதுக்கு கூப்பிட்டா போகணும், கெட்டதுக்கு கூப்பிடாமலே போகணும்னு தானே நம்ம பெரியவங்க சொல்லி குடுத்தாங்க. அது கூட எங்களுக்கு அப்ப ஏறல. அடுத்த மாசம் டீக்கடைக்கு அவங்கள யாரும் கூப்பிடல. அதுக்கடுத்த மாசமும் கூப்பிடல. ஏழு மாசம் ஆச்சு.

ரெண்டு வாரத்துக்கு முன்ன கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல நான் நிக்கிறேன், அக்கா கூடையில கேரட்டு வாங்கிட்டு எதிர்ல வராங்க, கூடை கனத்துல ஒரு பக்கமா சாஞ்சு நடக்குறாங்க. என்னைய பாத்து லேசா சிரிச்சாங்க. நான் திரும்பி கட்டபெட்டு பஸ் போர்டு படிக்க ஆரம்பிச்சேன். 20 வருஷமா அதே பஸ்ல போறவ, அந்த போர்டுல எனக்கு படிக்க என்ன இருக்கு. அக்கா தாண்டி போனதுக்கு அப்புறம் தான், கொழுந்து நிறுக்குற எடத்துல மலைய பாத்துக்கிட்டு நின்னவங்க மொகம் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அவங்களுக்காவது பாஸ்டர் சொல்லி செஞ்சோம்னு ஒரு சாக்கு இருந்துச்சு, எனக்கு யாரு சொன்னா?

என் மக கோயம்புத்தூர்ல சட்டம் படிக்கிறா. இத அவகிட்ட சொன்னேன். அவ சொன்னா, அரசியல் சட்டம் 25ஆவது பிரிவுல மதத்துக்கு முன்னாடி மனசாட்சி சுதந்திரம்னு தான் ஆரம்பிக்குது, 2018ல, மதம் மாறி கல்யாணம் பண்ண கேரளா பொண்ணு ஹாதியா வழக்குல சுப்ரீம் கோர்ட்டு எந்த மதத்துல இருக்கணும்ங்கிறது அவங்கவங்க முடிவுன்னு சொல்லிருச்சுன்னு. ஊர்நீக்கம் பண்றத தடுக்க பம்பாய்ல 1949லயே சட்டம் போட்டிருக்காங்க, 1962ல போராங்கிற முஸ்லிம் சமூகத்தோட வழக்குல சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாதுன்னுட்டாங்க, அந்த கேள்வி 2023ல ஒம்போது நீதிபதி பெஞ்சுக்கு போயிருக்காம். மகாராஷ்டிராவுல 2016ல சமூக புறக்கணிப்புக்கு எதிரா தனி சட்டமே கொண்டு வந்தாங்க, கல்யாணம், சாவு சடங்க தடுத்தா கூட மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். நம்ம தமிழ்நாட்டுலயும் அது வேணும்னு நான் கேக்குறேன், அக்கா வீட்டுக்காரருக்கு ஆறடி மண்ணு இல்லன்னு சொன்ன மாதிரி இன்னொருத்தருக்கு நடக்கக்கூடாது. ஆனா பஸ் ஸ்டாண்டுல மொகத்த திருப்புன என்னைய எந்த சட்டத்துல புடிக்கிறது?

கடிதம் எழுதுன ஐயாவுக்கு, நான் மன்னிக்கிறதும் மன்னிக்காததும் என் விஷயம், அத சொல்ற உரிமை உங்களுக்கு இல்ல. அதே மாதிரி அண்ணனுக்கும் மத்தவங்களுக்கும், அக்கா போனதும் போகாததும் அவங்க விஷயம், நமக்கும் அந்த உரிமை இல்ல. கணக்கு கேட்டதுக்கு தள்ளுனாங்கன்னு அழுத நான் ஒரு சாவுக்கு போனதுக்கு ஒருத்தங்கள தள்ளி வச்சிருக்கேன். அக்கா வீட்ல உங்க பேப்பர் தான் வாங்குறாங்க, அதனால தான் இத தபால்ல எழுதாம உங்களுக்கு எழுதுறேன்.

அக்கா, கூப்பிடாம விட்டது தப்பு, சிரிச்சவங்கள பாத்து திரும்புனது அத விட பெரிய தப்பு. இந்த கடிதம் பேப்பர்ல வர்ற வாரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வரேன். பேச இஷ்டமில்லன்னா கதவ தொறக்க வேண்டாம், கருவாட்டு கொழம்பு வச்ச தூக்குச்சட்டி திண்ணையில இருக்கும்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி
(என் பேர் போட வேண்டாம்னு கேட்டுக்குறேன், அம்மா இன்னும் அந்த லைன்ல தான் இருக்காங்க)