பதினெட்டு வயதுக்குப் பிறகு எங்களைப் பார்ப்பது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 14, உலக நீரிழிவு நாளையொட்டித் தாங்கள் வெளியிட்ட நான்கு பக்க இணைப்பை ஒரு வரி விடாமல் படித்தேன். நடைப்பயிற்சி, சிறுதானியம், எடைக் குறைப்பு, வருமுன் காத்தல் எல்லாம் இருந்தன. அந்த நாள், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பாண்டிங்கின் பிறந்தநாள். ஆனால் இன்சுலின் இல்லாமல் உயிர் தரிக்கவே முடியாத முதல் வகை நீரிழிவுக்காரர்களைப் பற்றி அந்த நான்கு பக்கங்களில் ஒரு பத்திகூட இல்லை. எங்களுக்கு இது இனிப்புத் தின்று வந்த நோய் அல்ல. நடந்தால் போய்விடுவதும் இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. சிறுவயதிலேயே அப்படி ஆனவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 41. புளியரையில் தையல் கடை வைத்திருக்கிறேன். மலைச்சாலையின் எஸ் வளைவு ஏறினால் கேரளம் வந்துவிடும் என்பதால் ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்தும் பெண்கள் தைக்கக் கொடுப்பார்கள். 1995இல், ஆறாம் வகுப்பில் படிக்கும்போது, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, எலும்பும் தோலுமாகி, ஒருநாள் மயங்கி விழுந்தேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் ஓடினார். வீட்டில் அப்போது குளிர்சாதனப் பெட்டி கிடையாது. இன்சுலின் குப்பியை டப்பாவில் அடைத்து மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிடுவோம். அம்மா கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைப்பார். பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுச் சூடாக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நிம்மதி, பச்சை, மஞ்சள் என்று மாறி செங்கல் நிறத்துக்கு வந்தால் அம்மா அன்று சரியாகச் சாப்பிடமாட்டார்.

அதுவரைக்கும் என்னைக் கவனிக்க ஆள் இருந்தது. பதினெட்டு வயது ஆனபின், இனிப் பெரியவர்கள் பிரிவுக்குப் போ என்று ஒரு மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். அங்கே வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குப் பார்ப்பதைப் போலவே எனக்கும் வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே சோற்றைக் குறைத்துவிட்டுப் போவேன். 110, 115 என்று வரும். "நன்றாக இருக்கிறது, அதே அளவு போடு" என்று எழுதித் தருவார்கள். திட்டு வாங்காமல் திரும்பினால் போதும் என்றுதான் அந்த வயதில் தோன்றியது. மற்ற நாட்களில் என்ன நடக்கிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்படியே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் போயிற்று. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

2019இல் ஒரு நாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது இடது கண்ணில் கறுப்பு நூலாம்படை மிதந்தது. துடைத்தால் போகவில்லை. விழித்திரையில் ரத்தம் கசிந்திருந்தது. கண் மருத்துவர்தான் முதன்முதலாக அந்தச் சராசரியைப் பார்க்கச் சொன்னார். 10.4 சதவீதம். அப்படியென்றால் இரவும் பகலும் சராசரியாக 250 அளவில் சர்க்கரை ஓடியிருக்கிறது. வெறும் வயிற்றில் வந்த 110 அதை மறைத்துவைத்திருந்தது. இடது கண்ணில் லேசர் செய்தார்கள். சிறுநீரில் புரதம் இறங்குவதும் அப்போதுதான் தெரிந்தது. பிறகு கால். தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தவள், மாலையில் செருப்பில் ரத்தத்தைப் பார்த்தேன். உடைந்த ஊசிமுனை ஒன்று குதிகாலில் புதைந்திருந்தது. காலையிலிருந்தே இருந்திருக்க வேண்டும். எனக்கு வலிக்கவே இல்லை. கண்ணைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அதன் பிறகு தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டுகள் கவனித்துச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 1993இல் வெளிவந்திருக்கிறது. அவர்கள் 13 முதல் 39 வயது வரையிலானவர்கள். மூன்று மாதச் சராசரியை 7 சதவீதத்தை ஒட்டி வைத்திருந்தவர்களுக்கு, 9 சதவீதத்தில் இருந்தவர்களைவிட, விழித்திரைப் பாதிப்பு புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது. நரம்புப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது, சிறுநீரகப் பாதிப்பும் பெருமளவு குறைந்தது. ஆய்வு முடிந்து இரு குழுவினரின் அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட பிறகும், ஆரம்பத்தில் நன்றாக வைத்திருந்தவர்களுக்கு அதன் பலன் பல ஆண்டுகள் தொடர்ந்தது. எனக்கு நோய் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உலகத்துக்குத் தெரிந்திருந்த விஷயம், என் கண்ணில் ரத்தம் கசிந்த பிறகுதான் என் காதுக்கு வந்தது. இதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. கட்டுப்பாடாக வைத்திருந்தவர்களுக்கு, சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்துபோவது மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. ஆகவே அளந்து பார்க்க வழியில்லாதவரிடம் 'நன்றாகக் கட்டுப்படுத்து' என்று சொல்வது ஆபத்து. விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் ஒரு ஸ்ட்ரிப் இங்கே ஏறக்குறைய இருபது ரூபாய். நாளுக்கு நான்குமுறை பார்த்தால் மாதம் 2,400 ரூபாய். எனக்கு அது இருபது ரவிக்கை தைத்த கூலி. என் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்த ஊழியரை வாழ்த்தாத நாள் இல்லை. அதே வீட்டில் நான் ஸ்ட்ரிப்புக்காகக் கணக்குப் பார்த்து, நாளுக்கு இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இவ்வளவும் எழுதத் தூண்டியது என் கதை மட்டும் அல்ல. கேரளத்தில் வளர்ந்து எங்கள் பக்கத்துக்கு மருமகளாக வந்த ஒரு பெண் இருக்கிறாள். வயது 22; பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின். அங்கே அரசின் சமூகப் பாதுகாப்பு மிஷன் முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகளுக்காக நடத்தும் 'மிட்டாயி' திட்டத்தில், குழந்தையாக இருந்தபோது இன்சுலின் பேனா என்ற ஊசிக் கருவி உட்பட எல்லாம் கிடைத்திருக்கிறது. எப்படிப் போடுவது, எப்படி அளப்பது என்று சொல்லியும் கொடுத்திருக்கிறார்கள். நல்ல திட்டம், தமிழ்நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும். ஆனால் கல்யாணமாகி மலை இறங்கி வந்தபோது என்ன இன்சுலின், எப்படிப் போடுவது என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டுகூட அவள் கையில் இல்லை. சென்ற மாதம் பேனா உடைந்துவிட்டது. மிச்சமிருந்த பேனாக் குப்பியிலிருந்து, இங்கே கடையில் வாங்கிய சிவப்பு மூடி சிரிஞ்சால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பேனாக் குப்பியில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு, ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள சாதாரணக் குப்பிக்கானது. 12 யூனிட் போட்டதாக அவள் நினைத்தாள். உள்ளே போனது 30. அளவு கொடுக்கக் கடைக்கு வந்தவளின் ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது, பேச்சு குழறியது. சர்க்கரை தாழ்ந்துபோனால் வரும், எனக்குப் பழக்கப்பட்ட அறிகுறி என்பதால் உடனே விரல் நுனியில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்தேன். 41. மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் 63. மறுபடியும் கொடுத்து, ஆட்டோவில் செங்கோட்டைக்கு அழைத்துப் போனேன். மாலைவரை படுக்கையில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அவள் வீட்டில் தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதக் கை வரவில்லை.

தென்காசி தனி மாவட்டமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாதத்தில் ஒருநாளை, சிறுவயதில் நீரிழிவு வந்து வளர்ந்தவர்களுக்கென்று ஒதுக்க முடியாதா? கண், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், கால் உணர்வு, மூன்று மாதச் சராசரி எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிட்டால் எங்களுக்குக் கூலி இழப்பும் ஒரு நாளோடு போகும். முதல் வகைக்காரர்களுக்கு நோய் தெரிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு கண்ணும் சிறுநீரும் ஆண்டுதோறும் பார்க்கப்பட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்களில் உள்ள பரிந்துரை. இன்சுலின் கொடுக்கும் அதே ஜன்னலில் ஸ்ட்ரிப்பும் கொடுங்கள். எல்லை தாண்டி வாழப் போகிற பிள்ளைக்கு, என்ன இன்சுலின், எத்தனை யூனிட் வகை, எந்த சிரிஞ்சு என்று இரண்டு மாநில மருத்துவர்களும் படிக்கும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடும், பிறகு அது சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த ஊர். இன்றும் இருபுறமும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம். மருத்துவக் குறிப்புகள் மட்டும் ஏன் சோதனைச் சாவடியில் நின்றுவிட வேண்டும்?

அந்தப் பெண்ணுக்கு நோய் வந்து பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. கல்யாணத்துக்குப் பிறகு அவள் கண்ணை யாரும் பார்க்கவில்லை. வருகிற வியாழக்கிழமை கடையை அடைத்துவிட்டு அவளைக் கண் பரிசோதனைக்கு நானே அழைத்துப் போகிறேன்.

என் பெயரை வெளியிட வேண்டாம். ஊர் சிறியது, அவளை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரர்,
புளியரை, தென்காசி மாவட்டம்.