ஆய்வு வழிகாட்டி தேடும் தம்பி தங்கைகளுக்கு

வணக்கம். விரிவுரையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது துறையின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். கதவில் நரம்பியல் என்றுதான் இருக்கும்; உள்ளே ஒருவருக்கு வலிப்பு நோய், அடுத்த அறைக்காரருக்குப் பக்கவாதம். மற்ற துறைகளும் அப்படித்தான்.

துறை எல்லையிலேயே நின்றுவிடவும் வேண்டாம். 1998-99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைக்காரர்களைத் தாக்கிய நோயை முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தும் நிற்கவில்லை. நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து நிப்பா கிருமியைப் பிரித்தெடுத்தவர், நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங். வார்டும் ஆய்வகமும் கைகோத்த வேலை அது.

சரி, சனிக்கிழமை மாலை 5 மணிக்கு பிரிக்ஃபீல்ட்ஸில், வழக்கமான கடையில் சந்திப்போம். நீங்கள் நாடும் விரிவுரையாளரின் கடைசி இரண்டு கட்டுரைகளையாவது படித்துவிட்டு வாருங்கள். தே தாரிக் என் செலவு, ரொட்டி சானாய் உங்கள் செலவு.