நடு மூன்று மாதத்துக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெண்கள் பக்கத்தில் கர்ப்பகாலத்தைப் பற்றி வந்த கட்டுரையை நாங்கள் நாலைந்து பேர் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சேர்ந்து படித்தோம். நாலு, ஐந்து, ஆறாம் மாதங்கள்தான் சுகமான காலம், மசக்கை விட்டுவிடும், பசி எடுக்கும், முகத்தில் களை வரும் என்று எழுதியிருந்தீர்கள். அதில் தப்பில்லை. எனக்கு இது ஆறாம் மாதம். வாந்தி நின்றுவிட்டது. அதிராம்பட்டினத்து நெத்திலி வந்தால் குழம்புச் சட்டியை நானே வழித்துச் சாப்பிடுகிறேன். ஆனால் கட்டுரை எழுதியவர் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருக்கிறேன். வீட்டுக்காரர் தேங்காய் மண்டியில் லோடு கணக்கு எழுதுகிறார். இது தலைப்பிரசவம்.

முதல் மூன்று மாதம் எல்லாரும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டார்கள். குடத்தைத் தூக்காதே, மாடிப்படி ஏறாதே என்று ஆளாளுக்கு அதட்டல். இனி ஏழாம் மாதம் வளையல் அடுக்கிவிட்டால் ஊரே தாங்கும். நடுவில் கிடக்கிற மூன்று மாதத்துக்குத்தான் கேட்பார் இல்லை. "அதான் வாந்தி நின்னுடுச்சுல்ல, இனிமே என்ன?" என்பதுதான் எல்லார் பேச்சும். வயிறும் வெளியே தெரியாது. இலவச பஸ்ஸில் காலை நேரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, "அக்கா, நான் மாசமா இருக்கேன், கொஞ்சம் நகருங்க" என்று சொன்னால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். முந்தானையை இழுத்து வயிற்றைக் காட்டவா முடியும்?

கடைக்கு வந்தால் அங்கேயும் நிற்பதுதான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட மேசையில் சாய்ந்தால் சூப்பர்வைசர் கண்ணால் கேட்பார். ஆடித் தள்ளுபடி சமயத்தில் எனக்கு ஐந்தாம் மாதம். பிரித்துப் போட்ட புடவைகளைக் குனிந்து எடுத்து மடித்து அடுக்கும்போது அடிவயிற்றின் ஓரத்தில் சுள்ளென்று இழுக்கும். கருப்பை பெரிதாகும்போது அதைத் தாங்குகிற நார்கள் விரிவதால் வரும் வலி அது, சட்டென்று நிமிராமல் மெதுவாக நிமிர்ந்தால் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. அதுவரை ஒவ்வொரு சுள்ளுக்கும் உயிர் போய் வந்தது.

அதைவிடப் பெரிய தொல்லை பாத்ரூம். ஊழியர்களுக்கான கழிப்பறை மொட்டை மாடிக்குக் கீழே, லிப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். ஒவ்வொரு தடவையும் ஆண் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண்கள் பலரும் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி, தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது. கர்ப்பமாக இருக்கும்போது அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஆடி கடைசியில் எனக்கு நீர்க்கடுப்பு, அதோடு குளிர்காய்ச்சல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரைச் சோதித்துவிட்டு நர்சம்மா விளக்கினார். இந்தச் சமயத்தில் சிறுநீர்ப் பாதை தளர்ந்திருக்கும், சிறுநீர் தேங்கினால் கிருமி எளிதில் பிடித்துக்கொள்ளும், கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை ஏறும், குறைமாதப் பிரசவத்தில்கூட முடியலாம். மாத்திரையில் சரியானது. கடையில் பாத்ரூம் இருக்கும் இடம் மட்டும் மாறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் சித்தப்பாவிடம் கேட்டேன். 1961-இல் வந்த மகப்பேறு நலச் சட்டத்திலும், 2025-இல் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும், நெடுநேரம் நிற்கிற வேலை வேண்டாம் என்று கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் முதலாளி அதைக் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறதாம். ஆனால் அது எப்போதிலிருந்து? பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரம் இருக்கிறதே, அதற்கும் முந்தைய ஒரு மாதத்திலிருந்துதான். கணக்குப் போட்டால் ஏழு மாதம் தாண்டிவிடுகிறது. நாலு, ஐந்து, ஆறில் நிற்பதைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை. சட்டம் எழுதியவர்களும் உங்கள் கட்டுரையாளர் மாதிரி இது சுகமான காலம் என்றே நினைத்திருப்பார்கள் போல.

எங்களுக்குக் கைகொடுப்பது இன்னொரு சட்டம். கடைகளில் வேலை செய்கிற எல்லாருக்கும் உட்கார இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி 2018-லேயே வாங்கிவிட்ட உரிமை அது. எங்கள் கடையிலும் ஸ்டூல் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்தால்தான் பிரச்சினை.

சரி, புலம்புவதற்கு மட்டும் இந்தக் கடிதம் இல்லை. எனக்கு இந்த மாதங்களில் தெம்பு கிடைத்த இடத்தையும் சொல்ல வேண்டும். அது ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சு.

மாதாமாதம் 9-ஆம் தேதி, நாலாம் மாதம் தொடங்கியவர்களை டாக்டரே பார்க்கும் நாள். நாடு முழுக்க 2016-லிருந்து இந்த ஏற்பாடு உண்டு. போன முறை எனக்குச் சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு என்று கவனிக்க ஆரம்பிப்பார்கள். வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா போன்றவர்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த முறை இது என்று நர்சம்மா சொன்னார். பஸ் பிடித்து வருகிற எங்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது காலையில் ஒரு இட்லியாவது தின்றுவிட்டு வருகிறவளுக்குத்தான் தெரியும். அந்தக் குளுக்கோஸ் தண்ணீர் இருக்கிறதே, அது தொண்டையில் இறங்கவே இறங்காது. கொஞ்ச நேரத்திலேயே வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் வந்து முதலிலிருந்து குடிக்க வேண்டும். ஆளுக்கொரு டம்ளரோடு மூக்கைச் சுளித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த அக்கா முந்தானையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் தோலைக் கீறி, "மோந்துக்கிட்டே குடி" என்று கொடுத்தார். அந்தப் பழம் பெஞ்சு முழுக்க ஒரு சுற்று போய் வந்தது.

அப்புறம் இரண்டு மணி நேரம் பேச்சுதான். குழந்தை அசைவதே தெரியவில்லை என்று நான் மெதுவாகச் சொன்னேன். கூட வேலை பார்க்கிறவளுக்கு ஐந்தாம் மாதத் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டதாம், எனக்கு அதைத் தாண்டியும் ஒன்றும் இல்லை. எலுமிச்சம்பழ அக்கா என் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு இது மூன்றாவது. "நஞ்சுக்கொடி முன்னாடி இருக்குன்னு போட்டிருக்கு பாரு, எனக்கும் ரெண்டாவதுக்கு இப்படித்தான். குழந்தை உதைக்கிறதை அது வாங்கிக்கும், உனக்கு லேட்டாத்தான் தெரியும்" என்றார். டாக்டரிடம் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். நஞ்சு முன்னால் இருந்தால் பெண், பின்னால் இருந்தால் ஆண் என்று எங்கள் தெருவில் ஒரு கணக்கு ஓடுகிறது. அது சுத்தப் பொய் என்பதும் அன்றைக்கே தெளிவானது. அடுத்த வாரம் ஒரு ராத்திரி தொப்புளுக்குக் கீழே சின்ன மீன் ஒன்று திரும்பிப் படுத்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரரை எழுப்பினேன். அவர் கை வைத்தபோது ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து தினமும் சாப்பிட்டு முடித்ததும் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

இன்னொரு பெண்ணுக்கு நஞ்சு கீழே இறங்கி இருப்பதாக ஸ்கேனில் வந்திருந்தது. அழுதுகொண்டே இருந்தாள். கருப்பை வளர வளரப் பெரும்பாலும் அது மேலே போய்விடும், எட்டாம் மாதம் மறுபடி பார்க்கலாம், ரத்தம் பட்டால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வந்துவிடு என்று நர்சம்மா சொன்ன பிறகுதான் டம்ளரையே கையில் எடுத்தாள்.

இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி ஒரு பெரிய மாநாடே நடந்தது. டீயோடு போடக் கூடாது, கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் தூக்கத்தோடு போய்விடும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டியதில்லை. மாத்திரையை வாங்கிவந்து பீரோவில் அடுக்குகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அவர்களை அரட்டியோ திட்டியோ பயனில்லை, இப்படி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போடுவார்கள்.

ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் வெகுநேரம் பேசவே இல்லை. கடைசியில்தான் சொன்னாள். போன தடவை ஐந்தாம் மாதத்தில், வலியே பெரிதாக இல்லாமல், குழந்தை போய்விட்டது. செவ்வாய்க்கிழமை ஆற்றைத் தாண்டினாய், அதனால்தான் என்று புகுந்த வீட்டில் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். இந்த முறை டாக்டர் பார்த்து, கருப்பை வாய் தளர்வாக இருக்கிறது என்று மூன்று மாதம் முடிந்ததும் அங்கே தையல் போட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு காரணம் உண்டு, அதற்கு ஒரு வைத்தியம் உண்டு என்பதே அங்கே பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. யாரும் துருவிக் கேட்கவில்லை. "இப்ப எத்தனை வாரம்?" என்று ஒருத்தி கேட்டாள். போன தடவை குழந்தை தவறிய வாரத்தைத் தாண்டியாயிற்று என்று சொன்னபோதுதான் அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

எலுமிச்சம்பழ அக்காவும் தன் கதையைச் சொன்னார். இரண்டாவது பிரசவத்தில் ஆறாம் மாத முடிவில் தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல். வெயில் என்று தைலம் தேய்த்துப் படுத்திருக்கிறார். நர்சம்மா வீட்டுக்கு வந்தவர் பிரஷர் பார்த்துவிட்டு, அங்கேயே 108-க்குப் போன் போட்டுத் தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாராம். முகம் வீங்கினால், தலைவலி விடாமல் இருந்தால், கண் இருட்டினால் வெயில் மேல் பழி போடாதே என்று எங்கள் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வீட்டுப் பெரியவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. என் மாமியார் குங்குமப்பூ பாக்கெட்டோடு நிற்பார், பிள்ளை சிவப்பாகப் பிறக்குமாம். நன்றாகப் பழுத்த பப்பாளியால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆனால் மல்லாந்து படுக்காதே, ஒருக்களித்துப் படு என்று ராத்திரி எழுந்து வந்து பார்க்கிறாரே, அதை டாக்டரும் சொல்கிறார். ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வந்த பேரீச்சம்பழத்தையும் நெய்யையும் வீட்டில் வேறு யாரும் தொடாமல் காவல் காத்தவரும் அவர்தான். ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் காலைப் பிசைவதைவிட, முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தை மேல்பக்கமாக மடக்கிப் பிடிப்பதுதான் சரி என்று பெஞ்சில் கேட்டுவந்து சொன்னேன். இப்போது நான் "ஆ" என்றதும் வீட்டுக்காரர் பாதி உறக்கத்திலேயே பாதத்தைப் பிடித்துவிடுகிறார்.

அந்த இரண்டு மணி நேரம் எல்லா ஊரிலும் இருக்கிறது. சர்க்கரைப் பரிசோதனைக்கு எல்லாக் கர்ப்பிணியும் எப்படியும் காத்திருக்கத்தான் போகிறாள். எங்கள் நர்சம்மா நடுநடுவே எட்டிப் பார்த்துப் பேசியது அவர் நல்ல மனசு. அதையே முறையாக, ஒரு செவிலியர் கூட உட்கார்ந்து, பேச்சை எடுத்துக் கொடுத்து, தப்பைத் திருத்தி, பயந்தவளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கும் நேரமாக சுகாதாரத் துறை ஆக்கலாம். செலவு ஒன்றும் கிடையாது. கூட வந்த கணவரையும் மாமியாரையும் வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தாமல் உள்ளே உட்கார வைத்தால் இன்னும் நல்லது, சாய்கிற மாதிரி பெஞ்சும் ஓடுகிற மின்விசிறியும் இருந்தால் அதைவிட நல்லது. உங்கள் பத்திரிகையும் டாக்டர் எழுதுகிற பத்திக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை, குனிகிற வேலை, செங்கல் சுமக்கிற வேலை பார்த்துக்கொண்டு இந்த மாதங்களைக் கடந்தவர்களை எழுதச் சொல்லலாம்.

கடை முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. புரட்டாசி பிறந்துவிட்டால் தீபாவளி வியாபாரம், ராத்திரி கடை அடைக்க நேரமாகும். கர்ப்பமாக இருக்கிற பெண் எந்த மாதமாக இருந்தாலும் பில் போடுகிற இடத்திலோ பார்சல் பிரிவிலோ உட்கார வையுங்கள், லிப்டில் ஏறவிடுங்கள், பாத்ரூம் போக யாரிடமும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொழிலாளர் துறை ஆய்வாளர்களும் சீசன் தொடங்குமுன் ஜவுளிக்கடைகளை ஒரு சுற்று வந்து பார்க்கட்டும். வருவதைக் கடைக்கு முன்கூட்டிச் சொல்லாமல் வந்தால் நல்லது. சொன்னால் அன்றைக்கு மட்டும் எல்லாரும் ஸ்டூலில் உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை ஊழியர் ஒருவர்,
பட்டுக்கோட்டை வட்டம்.

(வேலை பார்க்கும் இடம் தெரிந்துவிடும் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)