குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25: வீட்டுக்கு வீடு வேறுபடும் முதலுதவிப் பெட்டி

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நம் நகர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மழைநீர் வடிகால் அக்டோபருக்கு முன்பே தூர்வாரப்பட்டது. எரியாத தெருவிளக்குகளுக்கு மனு கொடுத்து மாற்றி வாங்கினோம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மீதி நேரத்தை முதலுதவிப் பெட்டிக்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நாம் செய்ததில் எனக்கு மிகவும் நிறைவு தந்த வேலை அதுதான்.

முந்தின ஆண்டு மொத்த விலைக்கு வாங்கி, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பெட்டி கொடுத்தோம். அது போதும் என்றுதான் நானும் நம்பினேன். போதாது என்பது ஆடி வெள்ளியன்று தெரிந்தது. மூன்றாவது தெருப் பெரியவர் தேங்காய் உடைக்கும்போது அரிவாள் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். மருமகள் ஓடிப்போய் நாம் கொடுத்த பெட்டியைத் திறந்திருக்கிறார். உள்ளே இருந்தவை விரலில் ஒட்டும் சின்னப் பிளாஸ்திரிகள், ஒரு சுருள் பஞ்சு, ஒரு கிருமிநாசினி பாட்டில். பிளாஸ்திரி ரத்தத்தில் வழுக்கி விழுந்தது. பஞ்சு காயத்தோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் துவைத்து மடித்திருந்த வேட்டியைக் கிழித்து, அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினார்கள். ஐயா நலமாக இருக்கிறார், இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீடு வீடாகப் போனோம். நம் தெருவிலேயே இருக்கும் ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா கூடவே வந்தார். எந்த வீட்டிலும் அவர் முதலில் பெட்டியைக் கேட்கவில்லை. “வீட்டுல யார் யார் இருக்கீங்க, யாருக்கு என்ன மாத்திரை?” என்றுதான் ஆரம்பித்தார். பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதை அந்தப் பதிலே சொல்லிவிட்டது.

பெரியவர் வீட்டுப் பெட்டியில் இப்போது அகலமான காஜ் துணி நிறைய இருக்கிறது, கூடவே இழுத்துச் சுற்றும் கிரேப் பேண்டேஜ். அழுத்திப் பிடித்தால் பத்து நிமிடம் கையை எடுக்கக் கூடாது, நின்றதா என்று நடுவில் தூக்கிப் பார்க்கவும் கூடாது. மூடியின் உள்பக்கம் அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. 108-இல் வருகிறவர்களிடம் அதைக் காட்டினாலே போதும்.

சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரும் குளுக்கோஸ் பொட்டலமும். சர்க்கரை ரொம்ப இறங்கி, கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால், நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108. இன்சுலினை ஃப்ரீசரில் வைத்திருந்த வீடும் ஒன்று இருந்தது. உறைந்த இன்சுலின் உதவாது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுதான் அதற்கு இடம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி ஒரு நிலை வந்தால், தண்ணீர் புகாதபடி இன்சுலினை உறையில் கட்டி, மண்பானைத் தண்ணீரில் வைத்துச் சமாளிக்கலாம்.

கைக்குழந்தை உள்ள வீடுகளில் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே டப்பாவில் கிடந்தன. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் மருந்து. சிரப்பிலோ 5 மில்லிக்கு 120, 125 அல்லது 250 என்று பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். தூக்கக் கலக்கத்தில் சிரப்புக்குரிய அளவுக்குச் சொட்டு மருந்தை ஊற்றிவிட்டால் என்ன ஆகும்? இப்போது இரண்டில் ஒன்றுதான் பெட்டியில் இருக்கிறது. குழந்தையின் எடையும் டாக்டர் சொன்ன அளவும் பாட்டில் மேலேயே எழுதியிருக்கின்றன. எடை கூடும்போது டாக்டரிடம் கேட்டு அந்த எழுத்தையும் மாற்றுங்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகத்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதை நிறுத்திவிடுங்கள்.

தீக்காயத்துக்கு மாவு, மை, பற்பசை எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டினால் போதும், ஐஸும் கூடாது. ஆனால் சித்திரை மதியத்தில் நம் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கிறது! அந்த நேரத்தில் குழாயை நம்பாமல் சம்ப்பிலிருந்தோ குடத்திலிருந்தோ மொண்டு விடுங்கள். நர்ஸ் அம்மா இதைச் சொல்லும்வரை எனக்கும் இது தோன்றியதில்லை.

ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இன்ஹேலரோடு, மருந்தை எளிதாக உள்ளிழுக்க அதில் மாட்டும் குழாயான ஸ்பேசரும் பெட்டியில் வேண்டும். தெருநாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். பாம்புக்கடிக்குப் பெட்டியில் வைக்க எதுவும் கிடையாது. கயிறு கட்டாமல், கீறாமல், கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிவு மருந்துதான், எனவே பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

பெட்டி இருக்கும் இடத்தையும் பார்த்தோம். அடுப்புக்கு மேலே வைத்தால் வெக்கையில் மருந்து கெடும். பீரோவில் பூட்டினால் அவசரத்தில் சாவி கிடைக்காது. பிள்ளைக்கு எட்டாத, பெரியவருக்கு எட்டுகிற உயரம் போதும். வேலைக்கு வரும் அக்காவுக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும்.

ஆயுத பூஜைக்கும் போகிக்கும் பெட்டியைத் திறந்து தேதி பார்ப்பது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. காலாவதியான மாத்திரைகளைப் போகித் தீயில் போடாதீர்கள். சங்க அறையில் அதற்கென ஒரு டப்பா வைத்திருக்கிறோம், அதில் போடுங்கள்.

பின்தெருவில் சில வீடுகள் இன்னும் பாக்கி. அவர்கள் வேலை முடிந்து வர இரவாகிறது. வரும் மாதம் இரவு எட்டு மணிக்கு மேல் போகலாம் என்றிருக்கிறோம். கூட வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

நர்ஸ் அம்மாவுக்கும், கூட அலைந்த இளைஞர்களுக்கும் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்