முதல் டைட்ரேஷன்தான் பாடம்

அன்புத் தங்கைக்கு,

கழிவுநீர் சோதிக்கிற லேபில் வேலை கிடைத்துவிட்டது என்றாய், ரொம்ப சந்தோஷம்மா. உன் கையில் சீக்கிரமே வரப்போவது சி.ஓ.டி. சோதனை, அதாவது கழிவுநீரில் உள்ள மாசை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று பார்ப்பது. பயப்படாதே, பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிக்கலில் செய்ததன் தொடர்ச்சிதான் அது.

நினைத்துப் பார். பெர்ரஸ் சல்பேட்டின் அளவைக் கண்டுபிடிக்க இரண்டு டைட்ரேஷன் செய்தாய், ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றை அளப்பது. முதலாவதில் திறன் தெரிந்த பெர்ரஸ் அமோனியம் சல்பேட், அதாவது மோர் உப்புக் கரைசல், பிப்பெட்டில் 20 மி.லி.; பியூரெட்டில் பெர்மாங்கனேட். இரண்டாவதில் அதே பெர்மாங்கனேட், திறன் தெரியாத கரைசல். மார்க் இரண்டாவதற்குத்தான் என்று முதலாவதை அவசரமாக முடிப்பார்கள் பிள்ளைகள். ஆனால் பாடமே அந்த முதலாவதில்தான் இருக்கிறது. பெர்மாங்கனேட்டை எடைபோட்டுக் கரைத்தாலும் திறன் அப்படியே நிற்காது. வெளிச்சம் பட்டால் சிதையும், தண்ணீரில் இருக்கும் கரிமத் துகள் அதைத் தின்னும். அதனால்தான் நம்பத்தக்க ஒன்றோடு வைத்து முதலில் அளக்கிறோம்.

வேலையில் ஆட்கள் இடம் மாறிவிடுவார்கள். பள்ளியில் நம்பிய மோர் உப்பு இங்கே பியூரெட்டுக்குப் போகும், சந்தேகப்பட வேண்டியதும் அதுதான். கரைசலில் இருக்கும் பெர்ரஸ் காற்றுப் பட்டுப் பட்டு பெர்ரிக் ஆகிக்கொண்டே இருக்கும். இங்கே நம்பவேண்டியது டைக்குரோமேட். கழிவுநீரின் மாசை ஆக்சிஜனேற்றம் செய்வதும் அதுதான், மிஞ்சியதைத்தான் மோர் உப்பால் அளப்போம். உலர்த்தி, ஆறவைத்து, 12.259 கிராம் எடுத்து ஒரு லிட்டருக்குக் கரைத்தால் திறன் 0.25 நார்மல். அதில் 10 மி.லி. எடு, தண்ணீர் விட்டு 100 மி.லி. ஆக்கு, 30 மி.லி. அடர் கந்தக அமிலத்தை மெதுவாகச் சேர். முழுதாக ஆறட்டும். நிறம் மாறிக் காட்டும் பெரோயின் இரண்டு மூன்று சொட்டு விட்டு மோர் உப்பால் டைட்ரேட் செய். நீலப்பச்சை சட்டென்று செம்பழுப்பாகும். இதைச் சோதனை செய்கிற ஒவ்வொரு நாளும் செய்யவேண்டும், "நேற்று பார்த்தாச்சு" என்று யாராவது சொன்னாலும் விடாதே.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கணக்கைப் பார். அன்று 10.3 மி.லி. செலவானால் மோர் உப்பின் உண்மையான திறன் 0.2427. 20 மி.லி. சாம்பிளில், பிளாங்குக்கும் (சாம்பிளுக்குப் பதில் வடிநீர் வைத்துச் செய்வது) சாம்பிளுக்கும் வித்தியாசம் 2.55 மி.லி. என்று வைத்துக்கொள். வித்தியாசத்தைத் திறனால் பெருக்கி, 8000ஆல் பெருக்கி, 20ஆல் வகுக்கவேண்டும். பாட்டிலில் ஒட்டியிருக்கும் 0.25ஐப் போட்டால் 255 வரும். உண்மையான திறனைப் போட்டால் 247.6. ஆறு, ஏரியில் விடும் கழிவுநீருக்கு பொது வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். வரம்புக்குள் இருக்கும் ஆலை, லேபிளை நம்பியதால் தாண்டிவிட்டதாக ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

பெர்மாங்கனேட் டைட்ரேஷனில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது, நீர்த்த கந்தக அமிலம்தான் என்று வைவாவில் மனப்பாடமாகச் சொன்னாய் அல்லவா? குளோரைடு பெர்மாங்கனேட்டைத் தின்று ரீடிங்கை ஏற்றிவிடும் என்பது காரணம். அதே குளோரைடு இங்கேயும் வந்து நிற்கும். திருப்பூர் சாயக் கழிவு, ஆம்பூர், வாணியம்பாடி தோல் கழிவு எல்லாம் உப்பு மிகுந்தவை. குளோரைடு டைக்குரோமேட்டைத் தின்றால் இல்லாத மாசு இருப்பதாகக் காட்டும். போதாததற்கு, வினையூக்கியான சில்வர் சல்பேட்டை சில்வர் குளோரைடாக வீழ்படிய வைக்கும், அது சரியாக வேலை செய்யாது. அதனால் 20 மி.லி. சாம்பிளில் முதலில் 0.4 கிராம் மெர்குரிக் சல்பேட், கலக்கியபின்தான் டைக்குரோமேட் 10 மி.லி., பிறகு சில்வர் சல்பேட் கலந்த அமிலம் 30 மி.லி. குடுவையைக் குளிர்வித்துக்கொண்டே, சுழற்றிக்கொண்டே ஊற்று. சூடேறினால் ஆவியாகக்கூடிய பொருள்கள் கண்டென்சர் மாட்டும் முன்பே போய்விடும். கண்ணாடி மணிகள் போட மறந்தால் கொதிக்கும்போது எகிறும். பிறகு இரண்டு மணி நேரம் ரிஃப்ளக்ஸ், அதாவது ஆவி கண்டென்சரில் குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி கொதிக்கவைப்பது. நடுவில் கரைசல் முழுப்பச்சையானால் டைக்குரோமேட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் குடுவையில் டைட்ரேட் செய்வது வீண், சாம்பிளை நீர்த்துப்போகச் செய்து மறுபடி தொடங்கு.

ஒரு பழக்கத்தைத் திருப்பிப்போட வேண்டியிருக்கும். பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் பியூரெட்டில் கரைசலின் வளைந்த மேற்பரப்பான வளைபரப்பின் மேல்விளிம்பைப் பார்த்தாய். மோர் உப்பு ஏறக்குறைய நிறமற்றது, கீழ்விளிம்பைத்தான் பார்க்கவேண்டும். புனலை எடுத்துவிட்டுத் தொடங்கு, பியூரெட் முனையில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார், இதெல்லாம் மாறவே இல்லை. முடிவுப்புள்ளி வந்தபின் சில நிமிடம் கழித்து நீலப்பச்சை திரும்பும். பெர்மாங்கனேட்டில் இளஞ்சிவப்பு வந்து அப்புறம் வெளிறிப்போகுமே, அதுமாதிரிதான், பொருட்படுத்தாதே.

இன்னொன்றை விட்டே ஆகவேண்டும். பக்கத்து மேசையின் ரீடிங்கைக் கேட்டுக்கொண்டு மூன்று வரிசையிலும் ஒரே எண்ணை எழுதுகிற வழக்கம் பள்ளியில் நிறையவே உண்டு. வேலையில் 7.70, 7.75 என்று வந்தால் வந்ததையே எழுது. தவறாக எழுதிவிட்டால் ஒயிட்னர் வேண்டாம். ஒற்றைக் கோடு, சுருக்கொப்பம், தேதி. தணிக்கைக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான்.

பிப்பெட்டில் வாய் வைக்காதே, பல்ப் இருக்கும். முடிந்த கரைசலில் பாதரசமும் வெள்ளியும் குரோமியமும் இருக்கிறது, சிங்கில் ஊற்றாமல் தனிக் கேனில் சேர்.

சேர்ந்தபின் பிளாங்க் எவ்வளவு வருகிறது என்று எனக்கு எழுது. ஸ்டாண்டர்டைஸ் செய்தபோது, அதாவது டைக்குரோமேட்டோடு வைத்துத் திறனை அளந்தபோது, 10.3 வந்து, பிளாங்க் 10.2 வந்தால் சரி. 9.5க்கு இறங்கினால் வடிநீரையும் குடுவைகளையும் சந்தேகப்படு; அமிலத்தோடு வெறும் வடிநீர் வைத்து ஒருமுறை ரிஃப்ளக்ஸ் செய்து கழுவியபின் மறுபடி பார்.

அன்புடன்,
அண்ணன்