கத்திப்பாரா பக்கம் என் பத்மினியை ஓட வைத்த பெரியவருக்கு

போன ஞாயிறு மதியம் கத்திப்பாரா தாண்டி, ஜிஎஸ்டி சாலை ஓரம் 1986 மாடல் பத்மினி காரோடு நின்றுகொண்டிருந்தவன் நான். டிவிஎஸ் 50-ஐ நிறுத்தி, "என்ன தம்பி, பெட்ரோல் ஏறலையா?" என்று கேட்டவர் நீங்கள். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு மாதமாக இதே தொல்லை. மெதுவாகப் போனால் ஓடும், வேகம் எடுத்தால் இருமி நின்றுவிடும். ஒரு மெக்கானிக் கார்பரேட்டரைக் கழுவினார், இன்னொருவர் பெட்ரோல் பம்ப்பையே மாற்றினார். நானோ வெயில்மேல் பழியைப் போட்டு, பம்ப்பில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

நீங்கள் டேங்க்கிலிருந்து வரும் ஹோஸைப் பம்ப்பிலிருந்து உருவி, உங்கள் வண்டியில் கிடந்த டியூபை மாட்டி, மறுமுனையை ஒரு பாட்டில் பெட்ரோலில் விட்டீர்கள். எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் இன்ஜின் சீராக ஓடியது. "பம்ப்பு நல்லாயிருக்கு, கோளாறு பின்னாடிதான்." டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸின் நுனியில் மயிரிழை வெடிப்பு! பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால் பெட்ரோல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும் என்றீர்கள். இத்தனை நாளும் நான் தரையில் ஈரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நுனியை அறுத்து, மறுபடி கிளிப் போட்டு முடுக்கினீர்கள். காசு வாங்கவில்லை. டீயாவது குடிங்க என்றால் "சுகர், தம்பி" என்று சிரித்தீர்கள்.

அப்புறம் புதுப்பேட்டையில் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஹோஸாகப் பார்த்து வாங்கி மாட்டிவிட்டேன். செங்கல்பட்டுவரை போய்வந்தேன், ஒரு இருமல் இல்லை. உங்கள் டியூப் இன்னும் என் டிக்கியில்தான் கிடக்கிறது. ரொம்ப நன்றி, ஐயா.